மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தவர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே,

ஒரு வைத்தியசாலையின் கொடையாளரைப் பற்றிப் பேசச் சொன்னால், கட்டிடம் எழுப்பியவர், கட்டில் வாங்கித் தந்தவர் என்று கல்வெட்டிலுள்ள பெயர்களை வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்குவது நம்மிடையே வழக்கம். மானிப்பாய்க் கிறீன் ஆஸ்பத்திரியின் கதைக்கு அந்த வாசிப்புப் போதாது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணியை 1820இல் பண்டத்தரிப்பில் தொடங்கியவர் ஜோன் ஸ்கடர். (வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தியார்.) அந்த வழியில் 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, மறு ஆண்டே மானிப்பாய்க்கு மாறியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்த அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. நோயாளரைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞருக்கு வைத்தியமும் கற்பித்தார். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 1870இல்தான்.

முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்களோ சம்பளம் கூடிய உத்தியோகங்களைத் தேடி வெளியூர் போனார்கள். அதில் பிழை சொல்ல நமக்கு என்ன உரிமை, நம் பிள்ளைகளும் அதைத்தானே செய்கிறார்கள்! ஆனால் வைத்தியர் ஊரிலேயே தங்கவேண்டுமானால் படிப்பு ஊர்மொழியில் இருக்கவேண்டும் என்று கிறீன் முடிவுகட்டினார். 1862இல் இரண்டாம் முறை வந்தபின் வகுப்புகளைத் தமிழுக்கு மாற்றினார்.

தமிழில் நடத்தப் பாடநூல் வேண்டுமல்லவா? உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் ஆகியவற்றைச் சொல்லும் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1857இலேயே அச்சாகியிருந்தது. அதன்பின் சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’, மனித உடற்கூறு பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’, நோய்களுக்கான வைத்தியம் பற்றிய ‘வைத்தியாகரம்’ என நூல்கள் வரிசையாக வந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியில் எடுப்பது, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உருக் கொடுப்பது என்பது அவருடைய முறை. இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. சொல்லின் தலை ஆங்கிலம், வால் தமிழ். எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம்.

இந்த வேலையில் அவரோடு நின்ற மாணவர்களின் பெயர்களைப் பாருங்கள்: டன்வர்த், சப்மன், போல். ஆட்கள் எல்லாரும் நம்மவர்கள். அக்காலத்தில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடலாம். அதனால் முகமறியாத உபகாரிகளின் பெயர்கள் பல நம் ஒழுங்கைகளில் நடமாடின. ஆனால் இரவிரவாக மொழிபெயர்த்த கைகள் தமிழ்க் கைகள். அவர்களையும் கொடையாளர் வரிசையில் வைக்கவேண்டும் என்பது என் துணிபு.

1873இல் கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அதன்பின் தளர்ந்துபோன வைத்தியப் பணியை 1893இல் வந்த மிஷன் வைத்தியர்களான ஸ்கொட் தம்பதியர் மீண்டும் நிமிர்த்தினார்கள். கிறீனோ வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. 1884இல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பப்படியே, ‘தமிழருக்கு மருத்துவ ஊழியர்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது.