நம் பேச்சுத் தமிழுக்கு ஒரு பொதுப் பாடத்தளம்: செட்டிநாட்டில் தொடங்கலாம்

[திரையில்: கானாடுகாத்தான் தெரு, வரிசையாக வீட்டு முகப்புகள்]

வணக்கம். பர்மா, மலாயா, இலங்கை என்று தொழிலுக்குப் போன செட்டிநாட்டுக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல நாடுகளில் வளர்கிறார்கள். பாடப்புத்தகத்தில் தமிழ் படித்த பிள்ளைக்கு "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதத் தெரியும். லீவுக்கு வந்த இடத்தில் அப்பத்தா "வந்துக்கிட்டிருக்காக" என்றால் விழிக்கிறது. இந்தப் பேச்சைச் சொல்லித்தர ஒரு பாடத்தளம் வேண்டும். அதை நாமே கட்டலாம், பொதுச்சொத்தாகவே வைத்துக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

மென்பொருள்தான் பெரிய வேலை என்று பலர் தயங்குகிறார்கள். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். மறக்கப்போகும் சமயம் பார்த்து மறுபடி கேட்டால் நினைவு நிற்கும். ஆங்கி என்ற திறமூல மென்பொருள், அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், 2006 முதல் இதைச் செய்துவருகிறது. மொழிப் பாடத்தளம் நடத்த லிப்ரேலிங்கோ என்று இன்னொன்று; அதில் பாடங்கள் சாதாரண உரைக் கோப்புகள். நிரல் தெரியாத ஆசிரியரும் கொஞ்சம் பழகினால் திருத்தலாம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதும் பதிவாகிவிடும்.

[திரையில்: முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி]

சரி, பாடத்துக்குள் எதைப் போடுவது? நம் உழைப்பெல்லாம் இங்கேதான் தேவை.

ஒரு வீட்டுக்குள் நடந்துபோவது போலப் பாடங்களை அமைக்கலாம். முகப்பில் வரவேற்பு, வளவு என்னும் உள்முற்றத்தில் சொந்தபந்தம் விசாரிப்பு, அடுப்படியில் கவுனி அரிசியும் கந்தரப்பமும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுத்து வடிவம், பேச்சு வடிவம், பொருள், குரல்பதிவு ஆகிய நான்கும் வேண்டும். கூடவே எந்த ஊர்ப் பேச்சு என்ற குறிப்பு. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. கொங்குப் பக்கம் அம்மாவின் அப்பா. ஊர்க் குறிப்பு இல்லாவிட்டால் சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் கணினி தவறு போட்டுவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். செட்டிநாடு என்றால் பெரிய வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்ப்பவர், கண்டாங்கி நெய்பவர், சந்தையில் காய் விற்பவர், வயலில் நாற்று நடுபவர் எல்லோருடைய பேச்சும் பாடத்தில் வர வேண்டும். அது இல்லாத தளத்தை ஊர்த்தளம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

குரல்பதிவுக்கு நல்ல போன் போதும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வாக்கியத்துக்கு ஒரு கோப்பாகப் பதியுங்கள். பதிவதற்கு முன்னால் உரிமத்தைப் பெரியவர்களிடம் விளக்குங்கள். பாடங்களுக்கும் குரலுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸின் பை-எஸ்ஏ உரிமம் பொருந்தும் என்பது என் கருத்து. யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பெயர் குறிப்பிட வேண்டும், அதை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஆனால் ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. இதைக் கேட்டு ஆச்சி யோசித்தால் யோசிக்கட்டும். அவர் மனமாரச் சம்மதித்த பிறகு பதிந்தால் போதும்.

நிரலுக்கு ஏஜிபிஎல். நம் நிரலை மாற்றிச் சர்வரில் வைத்து யார் தளம் நடத்தினாலும், மாற்றிய மூலநிரலை அதன் பயனாளர்களுக்குத் தர வேண்டும் என்கிறது அந்த உரிமம்.

[திரையில்: கோயில் கணக்கு நோட்டு]

அப்புறம், உரிமை யாரிடம்? டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலி 2013இல் தன்னார்வலர்களே பாடம் எழுதும் இன்குபேட்டரைத் தொடங்கியது. பல மொழிப் பாடங்கள் அப்படித்தான் வந்தன. 2021இல் அந்தத் தன்னார்வலர் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அது ஒரு நிறுவனத்தின் தளம், முடிவும் அவர்களுடையது. நம் தளத்தில் முடிவு எழுதுகிறவர்களிடமும் படிக்கிறவர்களிடமும் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு நம் பக்கம் புதிதில்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் மணமான தம்பதியை ஒரு புள்ளி என்று கணக்கிடுவார்கள். கோயில் செலவுக்குப் புள்ளி வரி கொடுப்பார்கள். தளத்திலும் ஆளுக்கு ஒரு புள்ளி, ஒரு வாக்கு என்று வைக்கலாம்; சாதியும் ஊரும் பார்க்காமல், சேர விரும்பும் எல்லோருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி 7 பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். டொமைன் பெயர், வங்கிக் கணக்கு இரண்டும் சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். ஆர்வமுள்ள ஒருவர் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது சுலபம், ஆனால் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியதால் அது பிழைத்தது. இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எல்லாத் தொகுப்புக்கும் அப்படி ஒரு கை கிடைக்காது. எனவே சர்வர் கடவுச்சொல் வெவ்வேறு ஊர்களில் மூன்று பேரிடமாவது இருக்கட்டும். பாடக் கோப்புகளையும் குரல்பதிவுகளையும் மாதம் ஒருமுறை மொத்தமாக, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். அந்தப் பிரதியை வெறும் கணினியில் போட்டுத் தளம் மறுபடி எழும்புகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை, அதைக் கட்டாத ஒருவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.