ஒருமை, பன்மை, ஒரு டிபன் கேரியர்

நடுவர் அம்மா அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம். பின்னால் நின்றபடி அடிக்கடி மணி பார்க்கும் அண்ணன்மார்களுக்கும் ஸ்தோத்திரம். சாப்பாடு கூட்டம் முடிந்த பிறகுதான்!

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சபைப் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்யும் விருந்தோம்பல் மகிழ்ச்சியா, சுமையா? மகிழ்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அக்கா வந்ததும் வராததுமாக மார்த்தாளைத்தான் இழுத்தார்கள். "பெத்தானியாவில் இயேசுவுக்கு விருந்து வைத்தவளே முறுமுறுத்தாள், நாமெல்லாம் எந்த மூலைக்கு?" என்றார்கள். நல்ல கேள்வி. ஆனால் அக்கா லூக்கா பத்தாம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டார்கள். மார்த்தாள் அங்கே என்ன சொல்லி அழுதாள்? "வேலை அதிகம்" என்றா? "நான் தனியே வேலை செய்யும்படி" என்றாள். அந்தத் "தனியே"தான் வலி. குழம்பு கொதித்தது பிரச்சினை இல்லை, பக்கத்தில் ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

இப்போது யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். அதே பெத்தானியா, அதே மார்த்தாள், மறுபடியும் விருந்து. "அங்கே அவருக்கு இராவிருந்து பண்ணினார்கள், மார்த்தாள் பணிவிடை செய்தாள்." முறுமுறுப்பு எங்கே போனது? நான் தமிழ் வாத்தியார் மகள், எனக்கு இலக்கணம்தான் கண்ணில் படும். லூக்காவில் "ஏற்றுக்கொண்டாள்" என்று ஒருமை. யோவானில் "பண்ணினார்கள்" என்று பன்மை. நடுவர் அவர்களே, வினைமுற்று பன்மையானதும் மார்த்தாளின் புலம்பல் நின்றுவிட்டது!

இயேசுவின் சீஷர் பேதுருவும் அப்படித்தான் எழுதுகிறார். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்." அந்தக் காலத்திலும் முறுமுறுப்பு இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் எழுதப் போகிறார்? ஜுரம் விட்டதும் எழுந்து பணிவிடை செய்த மாமியார் கையால் சாப்பிட்டவர் அவர், அடுப்படி விவகாரம் தெரிந்தவர். அதனால்தான் "ஒருவரையொருவர்" என்றார். ஒருத்தியே ஊருக்கெல்லாம் பொங்கு என்று சொல்லவில்லை.

அடுத்த பேச்சாளர் தங்கச்சி போட்டியைப் பற்றிச் சொன்னாள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதல் வாரம் டீயும் சுண்டலும். அடுத்த வாரம் வடையும் கேசரியும். மூன்றாவது வாரம் பிரியாணி. நான்காவது வீட்டுக்காரி அன்றைக்குப் பார்த்துத் தலைவலி என்று படுத்துவிட்டாள். உண்மைதான், நானும் அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டவள். ஆனால் தங்கச்சி, அது விருந்து இல்லை, பந்தயம். பந்தயத்தில் ஓடி இளைத்துவிட்டு விருந்தோம்பல் மேல் பழி போடாதே.

எங்கள் ஊர்க் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் நடக்கும், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைக்காரர்களுக்கு அசனம் என்றாலே வாய் ஊறும். பந்தியில் எல்லாரும் கறியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது முந்தின ராத்திரி. கோயில் வளாகத்தில் பாயை விரித்து, மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயத்தைக் கொட்டுவார்கள். இருபது முப்பது பெண்கள் சுற்றி உட்கார்ந்து உரிப்போம். பூண்டு தனி, இஞ்சி தனி. பன்னிரண்டு மணிக்கு ஒரு சுக்குக்காப்பி. மருமகளைப் பற்றி மாமியாரும், மாமியாரைப் பற்றி மருமகளும் ஒரே பாயில் இருந்து பேசும் இடம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு, அண்ணன்மார்களுக்குத் தெரியாது. வெங்காயம் உரிக்கிற இடத்தில் யார் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. ஒரு வருஷம் என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு வெங்காயம் தீர்ந்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. இந்தப் பக்கம் இருந்த பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் தன் முறத்தில் இருந்த வெங்காயத்தில் பாதியை அந்த அக்காவின் முறத்தில் தள்ளிவிட்டார். "அழுதுக்கோ, உனக்கு இன்னும் வேலை இருக்கு" என்று அதற்கு அர்த்தம். இதைச் சுமை என்று எந்தத் தராசில் நிறுப்பீர்கள்?

"இதெல்லாம் ஊர்க்கதை, வேதத்தில் உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு. இயேசுவின் தாய் மரியாள் கர்ப்பவதியாக மலைநாட்டுக்கு, தன் இனத்தாள் எலிசபெத்தின் வீட்டுக்கு ஓடுகிறாள். எலிசபெத்துக்கு அப்போது ஆறு மாதம், ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தவள். ஒருத்திக்கு வயது போய்விட்டது, இன்னொருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஊர் என்ன பேசும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏறக்குறைய மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டில் வாய்பேச முடியாமல் இருந்தவர் எலிசபெத்தின் வீட்டுக்காரர் சகரியா மட்டும்தான்! அந்த மூன்று மாதம் இரண்டு பெண்களும் எவ்வளவு நிம்மதியாகப் பேசியிருப்பார்கள்? அண்ணன்மார் சிரிக்க வேண்டாம், யோசியுங்கள். சாயங்கால ஆராதனையில் நாம் பாடுகிற மரியாளின் பாட்டு எங்கே பிறந்தது? தேவாலயத்தில் இல்லை. எலிசபெத் வாசல் திறந்து வரவேற்ற வீட்டில்.

கடைசியாக என் கதை. மூத்தவனுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். அம்மா தவறி ஒரு வருஷம். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம், சபையில் யாரையும் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மூன்றாம் நாள் ஒரு அக்கா கையில் டிபன் கேரியரோடு வாசலில் நிற்கிறார்கள். ஒரு தட்டில் பால்சுறாப் புட்டு, ஒன்றில் பூண்டுக் குழம்பு, ஒன்றில் சோறு. ஹாலில் உட்காருவார்கள் என்று பார்த்தால் நேரே அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மூன்று நாள் பாத்திரம் சிங்க்கில் கிடக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏட்டி, என் வீட்டு சிங்க்கை வந்து பாரு, இது எவ்வளவோ தேவலை" என்றார்கள். பதினோரு நாள் வந்தார்கள்.

கேரியரை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? நடக்க முடிந்ததும் அதில் முந்திரிக்கொத்து போட்டுக் கொடுத்தேன். கிறிஸ்மஸுக்கு அதே கேரியரில் அச்சுமுறுக்கு வந்தது. அவர்கள் வீட்டு மாமா தவறினபோது அதே கேரியரில் கஞ்சியும் துவையலும் கொண்டுபோனேன். அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை நான் கழுவினேன். மூத்தவன் இப்போது எட்டாவது படிக்கிறான். கேரியர் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கைப்பிடி இரண்டு தடவை மாற்றியாயிற்று.

நடுவர் மணியடிக்கிறார்கள், இதோ முடித்துவிட்டேன். அந்த அக்கா யார் என்று கேட்கிறீர்களா? சுமை, சுமை என்று பத்து நிமிஷம் மேஜையைத் தட்டிப் பேசினார்களே, எதிரணித் தலைவி அக்கா, அவர்களேதான். அக்கா, கேரியர் போன மாதத்தில் இருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டு வருகிறேன். பணியாரம்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.