குரு வக்ரமும் ஒரு இன்டெக்ரேஷன் கணக்கும்

வணக்கம் மக்களே! இன்னைக்கு வெலாசிட்டியை (எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்) இன்டெக்ரேட் பண்ணி டிஸ்ப்ளேஸ்மென்ட் (கிளம்பின இடத்துல இருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி) கண்டுபிடிக்கிற கணக்கு. ஃபார்முலா இருக்கட்டும், முதல்ல பாபிலோன் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல கொஞ்சம் பாபிலோன் களிமண் பலகைங்க இருக்கு. கி.மு. 350-க்கும் 50-க்கும் நடுவுல எழுதினது. மத்தியூ ஒசென்ட்ரைவர்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதைப் படிச்சு 2016-ல கட்டுரை போட்டார். உள்ள இருந்தது வியாழன் கணக்கு. முதல் நாள் 12 கலை (60 கலை சேர்ந்தா ஒரு பாகை, அதாவது டிகிரி) நகருது, 60 நாள் கழிச்சு வேகம் குறைஞ்சு ஒன்பதரை கலை. மொத்தம் எவ்வளவு நகர்ந்திருக்கும்? ரெண்டையும் கூட்டி, பாதியாக்கி, 60-ஆல பெருக்கியிருக்காங்க. 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை. போர்டைப் பாருங்க, கீழ நேரம், மேல வேகம்... இது சரிவகத்தோட பரப்பு! நியூட்டனுக்கு 1600 வருஷத்துக்கு மேல முன்னாடி, யோசிச்சுப் பாருங்க.

வேகம் ஒரே சீரா குறைஞ்சா சரிவகம் போதும். கோடு வளைஞ்சா, நேரத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் வேகம் இன்டு நேரம் போட்டுக் கூட்டணும். இன்டெக்ரேஷன் செய்யறது அதைத்தான்.

இப்ப நேர்கோட்டுல ஒரு துகள். வி-ன்னா வெலாசிட்டி, டி-ன்னா நேரம். வி = டி ஸ்கொயர் மைனஸ் 4டி பிளஸ் 3. டி 0-லிருந்து 4 வினாடி வரை. இன்டெக்ரேட் பண்ணா டி கியூப் பை 3, மைனஸ் 2 டி ஸ்கொயர், பிளஸ் 3டி. 4 போடுங்க: 64/3 மைனஸ் 32 பிளஸ் 12. 4/3 மீட்டர். 0 போட்டா ஒண்ணும் வராது. டிஸ்ப்ளேஸ்மென்ட் 4/3, அவ்ளோதான்.

ஆனா கேள்வியில "கடந்த தொலைவு"ன்னு இருந்தா இந்த ஆன்சருக்கு மார்க் கிடையாது. வி எப்ப சைபர்? டி 1-லயும் 3-லயும். நடுவுல 2 போடுங்க, மைனஸ் 1. துகள் பின்னாடி வருது! பஞ்சாங்கத்துல குரு வக்ரம்னு போடுவாங்கல்ல, அதே கதைதான். முன்னாடி போய், நின்னு, பின்வாங்கி, மறுபடி நின்னு, வக்ர நிவர்த்தி. (குரு நிஜமா ரிவர்ஸ் எடுக்கல. பூமி அதை ஓவர்டேக் பண்றப்ப நமக்கு அப்படித் தெரியுது.)

முதல் வினாடியில 4/3 முன்னாடி. அடுத்த ரெண்டு வினாடியில அதே 4/3 பின்னாடி, கிளம்பின இடத்துக்கே வந்தாச்சு. கடைசி வினாடியில திரும்ப 4/3 முன்னாடி. தொலைவு 4 மீட்டர். சில பேர் கடைசி ஆன்சருக்கு மாடுலஸ் (மைனஸை பிளஸ் ஆக்குறது) போட்டுட்டு தொலைவுன்னு எழுதிடுறாங்க. மாடுலஸ் வி-க்குப் போடணும்ப்பா, அதுவும் இன்டெக்ரேட் பண்றதுக்கு முன்னாடி.

இன்னொண்ணு, 4/3-ங்கறது துகள் இருக்கிற இடம் இல்ல. 5 மீட்டர்ல இருந்து கிளம்பியிருந்தா 5-ஐக் கூட்டிக்கணும்.

வி = 6 மைனஸ் 2டி, 0-லிருந்து 6 வினாடி. டிஸ்ப்ளேஸ்மென்ட் சைபர்னு வரும், பயந்துடாதீங்க. தொலைவை மட்டும் பிரிச்சுப் போட்டுப் பாருங்க.