காற்றும் ரயிலும் வந்த வழி

(போத்தனூர் பற்றி ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். தூறலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள், நன்றி.

கோயமுத்தூர்க்காரர்களிடம் போத்தனூர் என்று சொன்னால், "சென்னையிலிருந்து வரும்போது அசந்து தூங்கிட்டா போய் இறங்குற ஊர்தானே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் ரயில் கணக்கில் மூத்தவர் யார் என்று பார்த்தால் போத்தனூர்தான். இங்கே 1862இல் ரயில் வந்துவிட்டது. கோயமுத்தூர் ஸ்டேஷன் பார்த்தது 1873இல். நடுவே பதினொரு வருடம், கோவையின் பெரிய மனிதர்களும் பஞ்சு வியாபாரிகளும் ரயிலேற வேண்டுமானால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நம் ஊருக்குத்தான் வந்தாக வேண்டும். ஊட்டிக்குப் போகிற துரைமார்களும் இங்கேதான் இறங்கினார்கள்.

பெரிய ஊரை விட்டுவிட்டு இந்தச் சிற்றூருக்கு ஏன் ரயில் வந்தது? மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குக் கோயமுத்தூர் மேல் ஆசை எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு ஒரு பாதை. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் முதல் வண்டி ஓடியது. மறுபக்கத்தில், கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்தில் பேப்பூர் துறைமுகத்திலிருந்து 1861இல் முதலில் திரூர் வரை வண்டி ஓடியது. இடையில் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு திறப்பு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதை நோக்கி நேராகப் போட்ட தண்டவாளம், கோயமுத்தூரைச் சில மைல் வடக்கே ஒதுக்கிவிட்டு நம் வயல்களுக்குள் வந்தது. கிழக்கே இருந்து வந்த பாதையும் மேற்கே இருந்து வந்த பாதையும் 1862இல் சந்தித்த இடம் போத்தனூர்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: இந்த ஊரின் சரித்திரம், காற்று, ஜனங்கள் மூன்றுமே அந்தத் திறப்பு வழியாக வந்தவை. இனி கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ரயில் கம்பெனி கண்டுபிடித்த புது வழி அல்ல இது. பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கேரளக் கரையில் இருந்த முசிறித் துறையில் இறங்கிய பணம், கணவாய் ஏறி, கொங்கு நாட்டைக் கடந்து கரூர் பக்கம் போன தடம் அது. சுண்டக்காமுத்தூர் மலையில் 'இராசகேசரிப் பெருவழி' என்று தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. வழிப்போக்கர்களுக்காக ஒரு சோழன் வைத்த மைல்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் போட்டவர்கள் வணிகச் சாத்துகளுக்குப் பின்னால் நடந்தவர்கள்தான்.

சரி, காற்று. வெளியூர்க்காரர்கள் "உங்க ஊர்ல சில்லுன்னு இருக்கே" என்று பாராட்டும்போது நாம் ஏதோ நம் சாமர்த்தியம் மாதிரி தலையாட்டுகிறோம். மே மாதக் கடைசியில் கேரளத்தில் மழை இறங்கியதும், அந்த ஈரக்காற்று மலைச் சுவர் முழுக்க முட்டி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் புகுந்து வேகமெடுக்கிறது. பாலக்காட்டில் வருடத்துக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டர் மழை. ஐம்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம், நமக்கு அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கிழக்கேயிருந்து வருவது. ஆக, ஜூனிலும் ஜூலையிலும் நமக்குக் கிடைப்பது மழை அல்ல, மழையின் மூச்சு. வானம் மூடியிருக்கும், சாரல் முகத்தில் படும், கொடியில் போட்ட துணி காயாது, கிணற்றிலும் தண்ணீர் ஏறாது. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சும்மா சொல்லவில்லை. அதே காற்றுக்காகத்தான் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். பருத்தி நூல் அறுந்துபோகாமல் நூற்க ஈரப்பதம் வேண்டும். கோவையில் மில்கள் பெருகியதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம்.

ஆனால் இந்த வழியாக வந்ததெல்லாம் நல்லதல்ல. 1921 நவம்பர் 19. வெள்ளைக்காரன் ஆட்சிக்கு எதிரான மலபார்க் கலகத்தில் கைதான நூறு பேரை, பெரும்பாலும் மாப்பிள்ளைமார் எனப்படும் மலபார் முஸ்லிம்கள், திரூரில் ஒரு மூடிய சரக்கு வேகனில் அடைத்தார்கள். பெல்லாரிச் சிறைக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று வரும் துளைகள் அடைபட்டிருந்தன. உள்ளே இருந்தவர்கள் தண்ணீருக்குக் கதறினார்கள். வழியில் வண்டி நின்ற நிலையங்களில் யாரும் கதவைத் திறக்கவில்லை. இரவு போத்தனூர் வந்துதான் திறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அப்போதே பிணமாகக் கிடந்தார்கள். உயிரோடு இருந்தவர்களைக் கோவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர்களிலும் பலர் பிழைக்கவில்லை. எழுபது பேர் வரை இறந்ததாகக் கணக்கு. உடல்களை வந்த வழியே திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரூரில் நினைவு மண்டபம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஸ்டேஷன் எதிரில் டீ குடிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது. எனக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கிறது. கதவு திறந்த ஊர் நம்முடையது; அதைச் சொல்லும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது.

இனி ஜனங்கள். ரயில்வே காலனி என்றாலே முதலில் ஆங்கிலோ இந்தியர்கள். டிரைவர், கார்டு, ஃபோர்மேன் வேலைகளை வெள்ளைக்காரன் காலத்தில் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஓட்டு வீடு, முன்னால் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், கிறிஸ்துமஸுக்கு இன்ஸ்டிடியூட்டில் நடனம். நம் அச்சு முறுக்கு அவர்கள் வீட்டில் ரோஸ் குக்கி ஆகிவிடும், ரசம் பெப்பர் வாட்டர் ஆகிவிடும், கோளா உருண்டைக் குழம்பு மஞ்சள் சோற்றோடு 'பால் கறி' (உருண்டை என்று பொருள்படும் ball) ஆகிவிடும். சுதந்திரத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா என்று ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறியது. சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் அவர்களுக்கென இருந்த நியமன இடமும் 2020 ஜனவரியோடு முடிந்துபோனது. இங்கேயே தங்கிவிட்டவர்கள் நம்மைப் போலவே "ஏனுங்க" போட்டுப் பேசுகிறார்கள்.

அவர்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. கேங்மேன்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வெயிலில் தண்டவாளத்தோடு நடந்து சாவி ஆணியைத் தட்டிப் பார்த்தவர்கள், பாயின்ட்ஸ்மேன்கள், நடுராத்திரி குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய்க் கதவைத் தட்டி, டூட்டிக்கு எழுப்பி, நோட்டில் கையெழுத்து வாங்கிய 'கால் பாய்'கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தன. கூர்ந்து கேட்டால், இந்த ஊர்க் கெட்ட வார்த்தையில்கூட மூன்று மாநிலம் இருக்கும்!

கம்பெனிகள் மாறின கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1908இல் இந்தப் பாதை சவுத் இண்டியன் ரயில்வே கைக்குப் போனது. 1915இல் பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்து, நாம் அகலமானது, குறுகலானது என்று இரண்டு விதத் தண்டவாளம் வைத்திருக்கும் ஜங்ஷன் ஆனோம். ஒரு வண்டிச் சரக்கை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றும் கூலிக்காரர்களுக்கு வேலை வந்தது அப்படித்தான். 1951இல் தென்னக ரயில்வே. 1956இல் இங்கிருந்த ரயில்வே கோட்டத் தலைமை பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டுக்குப் போனது. இன்றுவரை இதைப் பேசி ஆதங்கப்படும் பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 2007இல் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து பிரிந்து சேலம் கோட்டம் பிறந்தபோது கேரளத்தில் போராட்டம், இங்கே பட்டாசு. பொள்ளாச்சிப் பாதை அகலப்படுத்த 2009இல் மூடி 2017இல்தான் திறந்தது. எட்டு வருடம். மிஞ்சி நிற்பது சிக்னல் பட்டறை. ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட் மெஷின்களும் ரிலேக்களும் இங்கே தயாராகிப் பல ஊர்களுக்குப் போகின்றன.

இன்னொரு பிரயாணி பாக்கி. யானை. மதுக்கரை, எட்டிமடை, வாளையார் காடு அவற்றின் வலசைப் பாதை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மங்களூர்–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு மதுக்கரையில் தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்கள் நட்டு, செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து, யானை நெருங்கினால் ரயில்வேக்கும் வனத்துறைக்கும் செய்தி போகும்படி 2024இல் ஏற்பாடு செய்தார்கள். யானை கடக்கச் சுரங்கப் பாதையும் கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை, தாராளமாகப் பாராட்டலாம். நமக்கு முன்னால், சோழனுக்கும் முன்னால், கணவாயைப் புழங்கியவை அவை.

இப்போது போத்தனூரைக் கோவையின் இரண்டாவது ரயில் முனையமாக்க வேண்டும் என்று கேட்கிறோம். கோவைக்குள் வராமல் இருகூர் வழியே நேராகப் போகும் வண்டிகள் நம் ஸ்டேஷனைத் தொட்டுத்தான் போகின்றன. நின்று போனால் தெற்குக் கோவைக்கே நல்லது. என் பங்குக்கு ஒரு கோரிக்கை: விரிவுபடுத்தும்போது பழைய குவார்ட்டர்ஸில் இரண்டு மூன்றையாவது இடிக்காமல் விடுங்கள், 1921ஐச் சொல்லும் ஒரு பலகையை ஸ்டேஷனில் வையுங்கள். மனு தயாராக மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்து, இந்தப் பாதையில் காலமெல்லாம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா பேசப் போகிறார். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் பிரேக் வேனில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்வார். மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.