நான்கு ஃபிரேம் பிந்திய உதடு

நேயர்களுக்கு வணக்கம்.

காணொளியைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காட்ட ஒரு படமும் இல்லாத இடத்தில் படம் எடுப்பதைப் பற்றி என்ன பேசுவது? ஆனால் மாணவர்கள் எடுக்கும் இசைக்காணொளிகளைப் பல வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அவற்றில் கெட்டுப்போகிற பெரும்பாலான விஷயங்கள் காது சம்பந்தப்பட்டவை. அதனால் வானொலி இதற்குப் பொருத்தமான இடம்தான்.

ஒரு குழுவின் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து பேர். பாட்டை அவர்களே எழுதி, அவர்களே பாடிப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு பெரிய மைதானத்தில் படப்பிடிப்பு. பாடகியாக நடித்த பெண் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறாள். கேமரா இந்தக் கோடியில், நன்றாக ஜூம் செய்து வைத்திருக்கிறது. பாட்டை ஒலிக்கவிட ஒரு ஸ்பீக்கர் வேண்டுமே, அதைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். மின்சார இணைப்பு அங்கேதான் இருந்தது. இடையில் சுமார் ஐம்பது மீட்டர். நாள் முழுக்க எடுத்தார்கள். அருகிலிருந்து எடுத்த ஷாட்டுகளும் உண்டு.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது வம்பு ஆரம்பித்தது. அருகில் எடுத்த ஷாட்டுகளில் வாயசைப்பு அச்சாகப் பொருந்துகிறது. தூரத்து ஷாட்டுகளில் உதடு பாட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. "இவளுக்குத் தாளமே பிடிபடலை சார்" என்று மற்ற நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் சில நிமிடங்கள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் தாளம் தப்பவே இல்லை. சாதாரண வெப்பநிலையில் ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஐம்பது மீட்டரைக் கடக்க அதற்கு 0.15 நொடி தேவை. பாட்டு அவள் காதுக்குப் போய்ச் சேர்வதே அவ்வளவு தாமதமாக. அவளும் கேட்டபடி சரியாகத்தான் வாயசைத்தாள். கேமராவின் மைக் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்ததால் அது தாமதம் இல்லாமல் பதிவு செய்துகொண்டது. காணொளி என்பது வேகமாக ஓடும் அசையாப் படங்களின் வரிசை, அதில் ஒரு படம்தான் ஒரு ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. கணக்குப் போடுங்கள்: உதடு கிட்டத்தட்ட நான்கு ஃபிரேம் பிந்துகிறது.

நான்கு ஃபிரேம் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்கலாம். தெரியும். இது பற்றிச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இருக்கிறது. ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர்கள் கவனித்துவிடுவார்கள்; பிந்தினால் 125 மில்லிநொடி வரைக்கும் தெரியாது என்கிறது அது. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். தூரத்தில் யாரோ துணி துவைத்தால் கல்லில் அடிப்பதைப் பார்த்த பிறகுதான் சத்தம் கேட்கிறது. அதற்குக் கண்ணும் காதும் பழகிவிட்டன. சத்தம் முன்னால் வருவது மட்டும் நமக்கு ஒவ்வாது. மைதானத்தில் அந்தக் குழு செய்தது அதைத்தான்.

தீர்வு சுலபம். எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனில் தூரத்து ஷாட்டுகளை மட்டும் நான்கு ஃபிரேம் முன்னால் இழுத்தார்கள். பொருந்திவிட்டது. நால்வரும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்று எனக்கு நினைவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

வாயசைப்பு நழுவுவதில் இரண்டு வகை உண்டு. மருத்துவர் நாடி பார்ப்பது மாதிரி முதலில் இது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஷாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால், இந்த மைதானத்துக் கதை போல எங்கோ ஒரு நிலையான தாமதம். இழுத்து வைத்தால் தீர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக நழுவினால் நோய் வேறு: இரண்டு கடிகாரங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. கைபேசிக் கேமராக்கள் பல, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை நமக்குச் சொல்லாமலே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பார்க்க ஒன்றும் தெரியாது. மூன்று நிமிடப் பாட்டின் கடைசிச் சரணத்தில் குட்டு வெளிப்படும். அப்படிப்பட்ட கோப்புகளை எடிட் செய்யும் முன்பே ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதைவிட நல்லது, வேகத்தைப் பூட்டி வைக்கும் கேமரா செயலியில் எடுப்பது.

இன்னொரு பழைய வில்லனும் இருக்கிறான். 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்குத் தரம் வகுத்தபோது, நிறத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க, நொடிக்கு 30 என்றிருந்த ஃபிரேமை 29.97 ஆக்கினார்கள். அதன் வால்தான், 24ஐ அதே விகிதத்தில் குறைத்து இன்றைக்கும் நாம் கேமரா மெனுவில் பார்க்கும் 23.976. ஒருவர் 24இல் எடுத்து, இன்னொருவர் 23.976இல் எடுத்து, மென்பொருள் இரண்டையும் ஒன்று என்று எண்ணி ஃபிரேமுக்கு ஃபிரேம் அடுக்கினால், மூன்று நிமிடத்தில் 0.18 நொடி வித்தியாசம். மறுபடியும் நான்கு ஃபிரேம்! படப்பிடிப்புக்கு முன்னால் எல்லாக் கேமராவையும் மேசையில் வரிசையாக வைத்து ஒரே எண்ணை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பாட்டின் மாதிரி வீதத்தையும், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவு செய்வது என்பதையும், 48,000 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், காணொளிக்கு அதுதான் வழக்கம். இசைக் குறுந்தட்டுக்கான (சிடி) 44,100 அல்ல.

எடிட் செய்யும்போது ப்ளூடூத் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். அதில் ஒலி ஐந்தில் ஒரு பங்கு நொடி வரைகூடத் தாமதமாக வரலாம். அந்தத் தாமதத்தை வைத்துக்கொண்டே நீங்கள் ஷாட்டை நகர்த்திப் பொருத்துவீர்கள், உங்கள் காதில் அருமையாக இருக்கும், வகுப்பில் போட்டுக் காட்டும்போது மானம் போகும். கம்பி வைத்த பழைய ஹெட்போன் ஒன்று போதும்.

சரி, வாயசைப்பை விட்டுத் தாளத்துக்கு வருவோம். படம் பிடிக்கப் போகும் முன்பே பாட்டை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, பல்லவி எங்கே தொடங்குகிறது, இடையிசை எத்தனை நொடி, எந்த இடத்தில் வாத்தியங்கள் அடங்கிக் குரல் மட்டும் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்வேன். மாணவர்களுக்கு இது பிடிக்காது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் ஆசை. ஆனால் இந்தக் குறிப்பு இருந்தால் எத்தனை ஷாட் தேவை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகமுள்ள பாட்டில் ஒரு அடிக்கு அரை நொடி. 24 ஃபிரேமில் எடுத்தால் சரியாகப் பன்னிரண்டு ஃபிரேம். 25இல் பன்னிரண்டரை. அரை ஃபிரேமில் கட் போட முடியாது, அதனால் ஒன்றுவிட்டு ஒரு அடியில் போட்டால் 25 ஃபிரேமுக்கு ஒரு கட் என்று கணக்கு நேராகும்.

ஆனால் எல்லா அடியிலும் கட் போடுகிற நோய் ஒன்று உண்டு. முதல் முறை எடிட் செய்கிறவர்கள் எல்லோருக்கும் வரும். டக், டக், டக் என்று மூன்று நிமிடத்தில் 360 கட். பார்க்கிறவருக்கு முதல் இருபது நொடி உற்சாகம், அப்புறம் தலைவலி. கட் தாளத்தில் விழ வேண்டும் என்பது உண்மைதான். தாளம் விழும் இடத்திலெல்லாம் கட் விழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கை திரும்புவது, கதவு மூடுவது, ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது, இவையும் தாளத்தில் விழலாம். ஷாட்டுக்குள்ளேயே தாளம் இருந்தால் கட் எதற்கு? ஒரு மாணவன் இடையிசை முழுக்க ஒரே ஷாட்டை விட்டுவைத்தான்; மாடிப்படியில் ஒருவர் இறங்கி வருகிறார், அவ்வளவுதான். ஒவ்வொரு படியும் தாளத்தில். அதை எடுக்கப் பதினான்கு டேக் ஆனது.

இதோடு சேர்த்து ஒளியை அடித்து அடித்து அணைக்கும் மோகத்தையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிட்டால், ஒளியால் வலிப்பு வரும் இயல்புள்ளவர்களுக்கு ஆபத்து. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளே அந்த எண்ணைச் சொல்கின்றன. இதில் நான் சலுகை கொடுப்பதில்லை.

செலவில்லாத ஒரு வித்தையைச் சொல்கிறேன். பாடுகிறவர் கனவில் நடப்பதுபோல மெதுவாக அசைய வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒட்ட வேண்டும். எப்படி? படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு வாயசைக்கச் சொல்லி, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுங்கள். பிறகு 25இல் ஓட்டினால் தலைமுடியும் துணியும் மிதக்கும், வாய் மட்டும் பாட்டின் இயல்பான வேகத்தில் பாடும். இரண்டு மடங்கு வேகத்தில் வாயசைப்பது சிரமம், சிரிப்பும் வந்துவிடும். முதலில் பாட்டை 1.2 மடங்கில் ஓடவிட்டு 30 ஃபிரேமில் எடுத்துப் பழகலாம். பார்க்கிறவருக்கு இன்னதென்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒரு மென்மை வந்திருக்கும்.

கேமரா எது நல்லது என்றுதான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். எனக்கு அதில் சுவாரசியம் குறைவு. கையிலிருக்கும் கைபேசி போதும். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் வெண்சமநிலையையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஷாட்டில் முகம் மஞ்சளாகி நீலமாகும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் கேடென்லைவும் இருக்கின்றன. பின்னணியை மாற்றப் பச்சைத் திரை வேண்டுமென்றால் நடிப்பவரைத் திரையிலிருந்து சில அடி தள்ளி நிறுத்துங்கள், பச்சை நிறம் தோளில் ஒட்டாது. பாடல் வரிகளைத் தமிழில் திரையில் போடுபவர்கள் ஒரு முறை உற்றுப் பாருங்கள். சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை நாமாகத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். அதைப் பார்த்த பிறகு பாட்டு யார் காதிலும் ஏறாது.

கோப்புகள் பற்றி. நொடிக்கு 50 மெகாபிட் வீதத்தில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 375 மெகாபைட். மூன்று நிமிடப் பாட்டை நாற்பது டேக் எடுத்தால் 45 ஜிகாபைட். கைபேசி நிறைந்ததும் மாணவர்கள் அழிக்கத் தொடங்குவார்கள், அங்கேதான் விபத்து. ஒரு குழு "காப்பி ஆயிடுச்சு" என்று நம்பி மெமரி கார்டைத் துடைத்துவிட்டது. கணினியில் இருந்தது வெறும் கோப்புறை. இப்போதெல்லாம் இரண்டு தனித்தனி வட்டுகளில் கோப்பைத் திறந்து, ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கார்டில் கை வைக்க அனுமதிக்கிறேன்.

இனி, யாருடைய பாட்டு என்ற கேள்வி. பிரபலமான பாட்டை எடுத்துப் படம் மட்டும் நாங்கள் செய்கிறோம் என்று வருவார்கள். ஒரு பாட்டில் பொதுவாக இரண்டு உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. நாமே பாடிப் பதிவு செய்தால் இரண்டாவது நம்முடையது, முதலாவது அப்போதும் இன்னொருவருடையதுதான். இது பலருக்கு ஆச்சரியம். யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கி முறை பாட்டை அடையாளம் கண்டுபிடித்துவிடும். காணொளி தடைபடலாம், அல்லது விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம்.

அப்புறம் கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு, அதாவது உரிமையாளரே சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்த அனுமதித்த பாட்டு, எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். நல்லது, ஆனால் உரிமத்தில் 'மாற்றம் கூடாது' என்று இருந்தால் அதை இசைக்காணொளிக்குப் பயன்படுத்த முடியாது. பாட்டில் ஒரு சுரத்தைக்கூட நாங்கள் தொடவில்லையே என்று வாதாடுவார்கள். இசையை அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இணைத்தாலே அது மாற்றிய படைப்பு என்று அந்த உரிமம் தெளிவாகச் சொல்கிறது. அந்த வரியை எழுதியவருக்கு இசைக்காணொளி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. படம் சேர்ந்த பிறகு பாட்டு பழைய பாட்டாக இருப்பதில்லை.

அதனால் சொந்தப் பாட்டையே நான் வற்புறுத்துவேன். நான்கு வரி போதும். கெட்டிப் போர்வைகள் தொங்கவிட்ட சின்ன அறையில், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடினால் கேட்கும்படியான பதிவு கிடைத்துவிடும். ஒரு நிபந்தனை: படப்பிடிப்பு தொடங்கிய பிறகு பாட்டை மாற்றக்கூடாது. "மிக்ஸிங்ல வேகத்தைக் கொஞ்சம் கூட்டிட்டோம் சார்" என்று ஒருவர் வந்து நின்றால், எடுத்த ஷாட் எல்லாம் அனாதை.

அந்த மைதானத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை அவள் நடிக்க ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டை ஒலிக்கவிடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்பீக்கருக்கும் பாடுகிறவருக்கும் நடுவில் நீள நீளமாக அடியெடுத்து வைத்து நடந்து எண்ணுவாள். பிறகு க்ளாப் பலகையில் காட்சி எண், டேக் எண்ணுக்குக் கீழே சாக்பீஸால் ஒரு வரி சேர்ப்பாள்: "ஸ்பீக்கர் 12 மீ". பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு ஃபிரேம்கூட நழுவாது. அன்றைக்கு மாலை யாரோ ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு டேக் ஆரம்பிக்கச் சொல்ல, பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை நடந்து எண்ணி முடிக்கும் வரை யாரையும் 'ரோல்' சொல்லவே விடவில்லை.

வணக்கம்.