இருபது விக்கெட் எடுத்துக் கொடுத்தும் தோற்கிறோமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இந்திய டெஸ்ட் அணியைக் கவிழ்ப்பது பெரிதும் பேட்டிங்கா, பவுலிங்கா என்பது தலைப்பு. பவுலிங்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். 2025-இல் இங்கிலாந்தின் ஹெடிங்லியில் 371 ரன்னைக் காப்பாற்றத் தெரியவில்லை, குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கு 489 ரன்னை வாரி வழங்கினார்கள் என்று இரண்டு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினார். இருவரையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் போகிறேன். அதற்கு முன் என் சாட்சிகள்.

டெஸ்டில் ஜெயிக்க 20 விக்கெட் எடுத்தாக வேண்டும். 2018 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா போன நம் பவுலர்கள் மூன்று டெஸ்டிலும் 20, 20, 20 என்று அறுபதையும் எடுத்தார்கள். தொடர் 1-2 என்று போனது. கேப்டவுனில் 208 அடிக்க வேண்டிய இடத்தில் 135. இதற்கு மேல் பவுலர் என்ன செய்ய வேண்டும் ஐயா? பேடையும் கட்டிக்கொண்டு அவரே இறங்க வேண்டுமா?

இது ஒரு நாள் கூத்து இல்லை. பிரிட்ஜ்டவுன் 1997: இலக்கு 120, எடுத்தது 81. காலே 2015: 176-க்கு 112. எட்ஜ்பாஸ்டன் 2018: 194-க்கு 162. ஹைதராபாத் 2024: முதல் இன்னிங்ஸில் 190 ரன் முன்னிலை வாங்கிவிட்டு, 231-ஐ விரட்டி 202-இல் சுருண்டோம், முதல் டெஸ்ட் ஆடிய டாம் ஹார்ட்லிக்கு ஏழு விக்கெட். அதே ஆண்டு வான்கடேயில் 147-க்கு 121. ஒரு கட்டத்தில் 29 ரன்னுக்கு 5 விக்கெட். சேப்பாக்கம் 1999-ஐ விட்டுவிட முடியுமா? முதுகு வலியோடு 136 அடித்த சச்சின் அவுட்டானபோது 17 ரன்தான் பாக்கி. அவரையும் சேர்த்துக் கடைசி நாலு விக்கெட் நாலே ரன்னுக்குப் போயிற்று.

ஈடன் கார்டன்ஸ் 2025-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பும்ரா 27 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, தென்னாப்பிரிக்கா 159, அடுத்து 153. நமக்கு இலக்கு 124. எடுத்தது 93. பிட்ச் மோசம் என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாகக் கட்டச் சொன்னதே நாம்தான்! இந்த மாதிரிப் பிட்சைத்தான் கேட்டோம் என்று ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கம்பீரே சொன்னார். அதே கோணல் கூடத்தில் அவர்கள் கேப்டன் டெம்பா பவுமா 136 பந்து ஆடி 55 நாட் அவுட். அந்த ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து அது ஒன்றுதான் அரைசதம். அவர்களின் சைமன் ஹார்மர் ஆஃப் ஸ்பின்னர், இடது கைக்காரருக்கு அவர் பந்து வெளியே திரும்பும். நம் பதினொருவரில் ஆறு பேர் இடது கை! நம் கேப்டன் கில் கழுத்துப் பிடிப்பால் ஆட முடியாமல் போனதை நான் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு என்ன பிடிப்பு?

விஷயம் ஆட்ட முறையில் இருக்கிறது. திரும்பும் பிட்சில் ஆளைக் காலி செய்வது பெரும்பாலும் திரும்பாத பந்து. திரும்பும் என்று மட்டையை வைப்பார். அது நேராக வந்து பேடிலோ ஸ்டம்பிலோ இடிக்கும். அந்தக் காலத்தில் காலை நீட்டி, மட்டையைப் பேடுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டால் நடுவர் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடுவார். உங்களைச் சொல்லவில்லை ஐயா, வெள்ளைத் தொப்பி போட்ட நடுவரை! நடுவர் தீர்ப்பை டிவி ரீப்ளேயில் சரிபார்க்கும் டிஆர்எஸ் வந்தபின் அந்தச் சலுகை போச்சு. இப்போது மட்டை பேடுக்கு முன்னே வர வேண்டும். வரும்போது பிடி தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்துத் தள்ளினால் மட்டைக்குப் பக்கத்திலேயே ஷார்ட் லெக்கில் நிற்பவர் கையில் போய் உட்காரும். கால்? ஒன்று, பந்து விழுகிற இடத்துக்கே போய்த் திருப்பத்தை அமுக்க வேண்டும். அல்லது ஸ்டம்பை ஒட்டிப் பின்னால் போய், திரும்பியதைப் பார்த்துவிட்டு ஆட வேண்டும். நம்மவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். வெள்ளைப் பந்தில் நின்ற இடத்திலேயே கையை வீசிப் பழகியதன் வினை அது. 2024-இல் புனேயில் நியூசிலாந்து ஸ்பின்னர் மிட்செல் சான்ட்னர் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே 13 விக்கெட் எடுத்துக்கொண்டு போனார். கோலி போல்டானது ஃபுல் டாஸில். தரையைத் தொடாத பந்துக்குப் பிட்சை எப்படிக் குறை சொல்வது?

வேகத்துக்கு எதிரே மட்டும் வாழ்கிறதா என்றால், பெங்களூரில் நியூசிலாந்திடம் 46 ரன்னில் ஆல் அவுட் ஆனது இருக்கிறது. கேப்டவுன் 2024-இல் 153-க்கு 4 என்றிருந்த அணி, 11 பந்தில் 153-க்கே ஆல் அவுட். ஆறு விக்கெட், ஒரு ரன் கிடையாது. அந்த டெஸ்டிலும் ஜெயித்தோம் என்றால், சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்துத் தென்னாப்பிரிக்காவை 55-இல் முடித்ததால்தான்.

இனி நண்பரின் சாட்சிகள். ஹெடிங்லியில் ஐந்து சதம் அடித்தோம், உண்மை. ஆனால் 430-க்கு 3 என்றிருந்தது 471-இல் முடிந்தது. அடுத்த இன்னிங்ஸில் 333-க்கு 4 என்றிருந்தது 364-இல் முடிந்தது. அது போகட்டும். இப்படிச் சரிவோம் என்ற பயத்தில்தானே, எட்டாவது ஆளும் மட்டை பிடிக்கட்டும் என்று ஷர்துல் தாக்கூரைப் போட்டோம்? அவர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து அடித்தது 5 ரன். விக்கெட் எடுக்கும் குல்தீப் யாதவ் ஐந்து டெஸ்டும் வெளியே உட்கார்ந்திருந்தார். பேட்டிங்கின் நோய்க்குப் பவுலிங்கைப் பத்தியம் இருக்க வைத்துவிட்டு, பவுலிங் மெலிந்துபோச்சு என்கிறார் நண்பர்!

குவாஹாட்டியில் பவுலிங் சறுக்கியது, ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் முடிவில் 247-க்கு 6 என்றிருந்தவர்களை 489 வரை விட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த நல்ல பிட்சில் நாம் 95-க்கு 1 என்பதிலிருந்து 122-க்கு 7 ஆனோமே, மார்கோ யான்செனின் பவுன்சருக்கு மட்டையை நீட்டி நீட்டிக் கொடுத்தோமே, அது யார் கணக்கு?

பும்ராவை விட்டால் ஆளில்லை என்றும் ஒரு வாதம் வந்தது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் அவர் 32 விக்கெட் எடுத்தும் 1-3 என்று தோற்றோம். 2025 இங்கிலாந்துத் தொடரில் ஜெயித்த இரண்டு டெஸ்ட் எட்ஜ்பாஸ்டனும் ஓவலும். இரண்டிலும் அவர் ஆடவில்லை. எட்ஜ்பாஸ்டனில் கில் 269, 161 என்று அடித்தார், மறுக்கவில்லை. 20 விக்கெட்டில் 10-ஐ எடுத்தவர் ஆகாஷ் தீப். ஓவலில் கடைசி நாள் காலை இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், கையில் நாலு விக்கெட். சிராஜின் யார்க்கரில் அட்கின்சனின் ஸ்டம்ப் பறந்தபோது மிச்சம் 7 ரன்.

பவுலரே பேடைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டுமா என்று கேட்டேன் அல்லவா? அதே தொடரில் லார்ட்ஸில் இறங்கினார்கள். இலக்கு 193. ஜெய்ஸ்வால் 0, கில் 6, பண்ட் 9, வாஷிங்டன் சுந்தர் 0. ஜடேஜா ஒற்றை ஆளாக ஒரு முனையில் நிற்க, அவருக்குத் துணையாகப் பும்ரா 54 பந்து தாக்குப்பிடித்தார், சிராஜ் 30 பந்து. இங்கிலாந்து ஸ்பின்னர் பஷீரின் பந்தைச் சிராஜ் நடு மட்டையில்தான் தடுத்தார். அது பின்னால் உருண்டு போய் ஸ்டம்பில் பட்டு, பெய்ல் விழுந்தது. 22 ரன்னில் தோற்றோம்.