கம்ப்யூட்டர் பழுதாகவில்லை, ஆனாலும் ஆம்புலன்ஸ் வரவில்லை: 1992 அக்டோபரில் லண்டனில் நடந்தது என்ன?

[திரையில்: அடித்துக்கொண்டே இருக்கும் தொலைபேசி]

வணக்கம். பக்கவாதம் வந்த ஒருவருக்காக ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். அது 11 மணி நேரம் கழித்து வருகிறது. நோயாளி அதற்கு 5 மணி நேரம் முன்பே தானாக மருத்துவமனைக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் லண்டனிலிருந்து வந்த செய்திகளில் இதுவும் ஒன்று.

1992 அக்டோபர் 26ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலையை ஒரு புது கம்ப்யூட்டர் சிஸ்டத்திடம் விட்டிருந்தது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1993 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதில் சொல்லியிருந்தது இதுதான்: அக்டோபர் 26, 27 இரண்டு நாளும் கம்ப்யூட்டர் தொழில்நுட்ப ரீதியில் பழுதாகவில்லை. சில நேரம் மெதுவானது உண்மை. மற்றபடி, எதைச் செய்ய வடிவமைத்தார்களோ அதைத்தான் செய்தது.

இந்த இடத்தில் வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பழுதே இல்லாத சிஸ்டம் எப்படி ஒரு நகரத்தையே தவிக்கவிட்டது? உங்கள் நிறுவனத்தில் புது சிஸ்டம் வரப்போகிறது என்றால் இந்தக் கதை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தகவல் அமைப்பு என்றால் மென்பொருள் மட்டும் இல்லை. அதைப் பயன்படுத்தும் ஆட்கள், அவர்கள் வேலை செய்யும் முறை, கைமாறும் தகவல் எல்லாம் சேர்ந்ததுதான். தேவையைக் கேட்பது, வடிவமைப்பது, எழுதுவது, சோதிப்பது, லைவ் விடுவது, பராமரிப்பது என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஒரு படம் இருக்கும். சரி, அவ்வளவு போதும். லண்டனுக்குப் போவோம்.

[திரையில்: காகிதப் படிவங்கள் நகரும் கன்வேயர் பெல்ட்]

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அங்கே எப்படி வேலை நடந்தது தெரியுமா? அழைப்பை எடுப்பவர் விவரத்தை ஒரு படிவத்தில் எழுதுவார், வரைபடப் புத்தகத்தைப் புரட்டி இடத்தைக் குறிப்பார். படிவம் கன்வேயர் பெல்ட்டில் ஏறி அறையின் இன்னொரு முனைக்குப் போகும். அங்கே ஒருவர் அதை எடுத்துப் படித்து, எந்தப் பகுதிக்கானது என்று பிரித்துக் கொடுப்பார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அந்தப் பெல்ட் முனையில் இருப்பவர்தான். ஒரு விபத்து நடந்தால் ஐந்து பேர் போன் செய்வார்கள். ஒருவர் "பாலத்துக்குப் பக்கத்தில்" என்பார், இன்னொருவர் "பஸ் ஸ்டாப்புக்கு எதிரே" என்பார், மூன்றாமவர் தெருப் பெயரைத் தப்பாகச் சொல்வார். ஐந்து படிவமும் கைக்கு வந்ததும், இது எல்லாம் ஒரே விபத்துதான் என்று கண்டுபிடிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தத் திறமை படிவத்தில் இல்லை, அவர் தலையில் இருந்தது.

இந்த முறையே நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தைப் புரட்ட நேரமாகும், காகிதம் தொலையும், ஆளின் ஞாபகசக்தியை நம்பித்தான் எல்லாம். கம்ப்யூட்டருக்கு மாற நினைத்தது சரியான முடிவு. மாறிய விதம்தான் தப்பு.

புது சிஸ்டம் தானே வண்டியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அதற்கு ஒவ்வொரு வண்டியும் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பது கிட்டத்தட்டத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். அந்தத் தகவல் எங்கிருந்து வரும்? வண்டியில் இருக்கும் கருவியிலிருந்தும், ஊழியர் அழுத்தும் பொத்தான்களிலிருந்தும். ஒரு உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் பொத்தானை வரிசை மாற்றி அழுத்திவிடுவார்கள். ரேடியோ எட்டாத இடத்தில் வண்டி நிற்கும். ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவ்வளவுதான், சுழல் ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டருக்குக் கிடைத்த தகவல் தப்பு, அதனால் தப்பான வண்டி போகிறது, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகூடப் போகிறது. குழப்பம் வரும்போதெல்லாம் கட்டுப்பாட்டு அறை ஊழியர் திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கைகள் குவியக் குவியப் பழையவை திரையின் மேல் விளிம்பைத் தாண்டிக் காணாமல் போகின்றன. வண்டி வராதவர்கள் மறுபடி போன் செய்கிறார்கள். அது புது அழைப்பாகச் சேர்கிறது. அப்புறம் இன்னும் எச்சரிக்கை, இன்னும் தாமதம்.

நிர்வாகம் என்ன செய்தது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. மூன்று பிரிவாக நடந்த வேலையை ஒரே நாளில் லண்டன் முழுவதற்கும் ஒன்றாக்கினார்கள். அதே நாளில் கட்டுப்பாட்டு அறையின் இருக்கைகளையும் மாற்றினார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "இந்த அழைப்பு உங்களுக்கு வந்ததா?" என்று கேட்கும் வழியும் போயிற்று. துணைக்கு இருந்த காகித முறையையும் எடுத்துவிட்டார்கள். தெரிந்த குறைகள் 81, தீர்க்கப்படாமல் பட்டியலில் இருந்தன. முழுச் சுமையில் சோதனை நடக்கவில்லை. வண்டி ஓட்டுபவர்களையும் அழைப்பு எடுப்பவர்களையும் தேவை எழுதும் கட்டத்தில் சரியாகக் கலந்து பேசவும் இல்லை.

பாதி காகிதம், பாதி கம்ப்யூட்டர் என்று பின்வாங்கினார்கள். நவம்பர் 4, அதிகாலை 2 மணி தாண்டி சிஸ்டம் உறைந்தே போயிற்று. இந்த முறை உண்மையான பழுது. மூன்று வாரம் முன்னால் நிரலில் நீக்காமல் கவனக்குறைவாக விட்டுவைத்த ஒரு துண்டு, ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் சர்வரில் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொண்டு விடுவிக்காமல் இருந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து இடம் தீர்ந்துவிட்டது. பேக்அப் சர்வர் கைகொடுக்கவில்லை, அதையும் முழுதாகச் சோதித்திருக்கவில்லை. மறுபடி பேனாவும் காகிதமும்.

[திரையில்: படிப்படியாக இறங்கும் கட்டங்கள்]

முதலில் ஒரு பாடப்புத்தகப் படம் சொன்னேனே, அதில் ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று படிப்படியாக இறங்கினால் அதற்கு நீர்வீழ்ச்சி முறை என்று பெயர். அதற்கு மூலம் என்று எல்லோரும் காட்டும் கட்டுரை, மென்பொருள் நிபுணர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970ல் எழுதியது. அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இதை அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியைக் கூப்பிடுவது போல என்று அவரே எழுதியிருக்கிறார். சோதனை கடைசியில் வருவதால் வேகம், மெமரி எல்லாம் அங்கேதான் முதல்முறையாகத் தெரியவரும் என்பது அவர் சொன்ன காரணம். லண்டனுக்கு 22 வருடம் முன்னால்!

அதே ஆம்புலன்ஸ் சேவை 1996ல் மறுபடி கம்ப்யூட்டருக்கு மாறியது, இந்த முறை ஜெயித்தது. ஊழியர்களைக் கூட உட்காரவைத்து, மாதிரியைக் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். முதலில் வந்தது அழைப்பைப் பதிவு செய்யும் பகுதி. எந்த வண்டியை அனுப்புவது என்பதை மனிதர்களே முடிவு செய்தார்கள். மற்ற வசதிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. 1997ல் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டி விருது கொடுத்தது.

உங்கள் நிறுவனத்தில் ஒரு சிஸ்டம் வரப்போகிறதா? நீங்கள்தான் பொறுப்பாளரா? தேவைப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முழு நாள், அந்த வேலையைச் செய்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தில், ஒரு படிவத்தைத் தனியாக எடுத்து வைக்கும் இடத்தில், "இது எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். "எங்கேயும் இல்லை, எனக்குத் தெரியும்" என்று பதில் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி உங்களுக்குக் கிடைத்த பதிலைக் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.